ஜன்னல் போல ஒரு படம்

குழந்தைகளே! ஒரு வகை ஸ்கேலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கம் சாய்த்தால் அதில் உள்ள பூனை கண்ணைத் திறக்கும். அந்தப் பக்கம் சாய்த்தால் கண்ணை மூடிக்கொள்ளும். மேலே நகத்தால் தேய்த்தால் கிர்ர்ர் என்று சத்தம் வரும். திருவிழாக் கடைகளில் சாமி படங்கள்கூட இப்படி உண்டு. ஒரு பக்கம் நின்று பார்த்தால் பிள்ளையார் தெரிவார். கொஞ்சம் நகர்ந்து பார்த்தால் அதே இடத்தில் முருகன் நிற்பார்!

இதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. படத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதில் வரி வரியாக இருப்பவை எல்லாம் மெல்லிய லென்ஸ்கள். உங்கள் கண் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்துக்கு உரிய படத்தை மட்டும் அவை காட்டும். நகத்துக்குச் சொரசொரப்பாகத் தட்டுப்படுவது அந்த லென்ஸ் வரிசைதான்.

பார்ப்பவர் நகர்ந்தால் படமும் மாற வேண்டும், அப்போதுதான் அது நிஜம் போலத் தோன்றும் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் யோசித்தார். கண்ணாடி மாட்டிக்கொள்ளாமலே 3டி படம் பார்க்க வழி சொன்னார். அவர் பெயர் கேப்ரியல் லிப்மன். நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி. ஆனால், நோபல் பரிசு அவருக்கு இதற்காகக் கிடைக்கவில்லை! அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

தேர்வில் தோற்ற மாணவர்

ஐரோப்பாவில் லக்ஸம்பர்க் என்று ஒரு சின்னஞ்சிறு நாடு இருக்கிறது. அங்கே 1845-ம் ஆண்டு ஆகஸ்ட் 16-ம் தேதி லிப்மன் பிறந்தார். அவர் சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் பிரான்ஸ் நாட்டின் தலைநகரான பாரீசுக்குக் குடிபெயர்ந்தது. தொடக்கத்தில் வீட்டிலேயே பாடம் படித்தார். 13-வது வயதில்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார்.

வகுப்பில் முதல் மாணவராக இருந்தாரா என்று கேட்கிறீர்களா? அதுதான் இல்லை! பிடித்த பாடம் என்றால் விழுந்து விழுந்து படிப்பார். பிடிக்காத பாடம் என்றால் புத்தகத்தைத் தொடவே மாட்டார். 1868-ம் ஆண்டு பாரீசில் புகழ்பெற்ற உயர்கல்விக் கூடம் ஒன்றில் சேர்ந்தார். அங்கேயும் இதே கதைதான். அதனால் என்ன ஆயிற்று? ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வில் தோற்றுப் போனார்.

அப்படியானால் நாமும் பிடிக்காத பாடத்தை விட்டுவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள்! தேர்வில் தோற்றதால் அவர் நேரே செல்ல வேண்டிய வழி அடைபட்டது. வேறு வழியில் சுற்றிச் செல்ல வேண்டியிருந்தது. ஆனால், தோற்றுவிட்டோமே என்று அவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. ஆராய்ச்சியை விடாமல் செய்தார். 1873-ல் அரசாங்கமே அவரை ஜெர்மனிக்கு அனுப்பி, அங்கு அறிவியல் எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்று அறிந்து வரச் சொன்னது.

பாதரசத் துளி சொன்ன சேதி

ஜெர்மனியில் ஹைடல்பர்க் என்ற ஊரில் ஒரு பேராசிரியர் அவருக்கு ஒரு வேடிக்கையைக் காட்டினார். நீர்த்த கந்தக அமிலத்துக்குள் ஒரு துளி பாதரசம் இருந்தது. அதை ஓர் இரும்புக் கம்பியால் தொட்டதும் துளி சுருங்கியது. கம்பியை எடுத்ததும் பழையபடி ஆனது. (பாதரசமும் அமிலமும் ஆபத்தானவை. நீங்கள் இதைச் செய்து பார்க்கவே கூடாது!)

மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். லிப்மன், ஏன் சுருங்குகிறது என்று யோசித்தார். மின்சாரம்தான் காரணம் என்று கண்டுபிடித்தார். அப்படியானால், துளி எவ்வளவு அசைகிறது என்று பார்த்து மின்சாரத்தை அளக்கலாம் அல்லவா? மெல்லிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி ஒரு கருவி செய்தார். ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட அது அளந்து காட்டியது.

அந்தக் கருவியின் பயன் அவரோடு நிற்கவில்லை. 1887-ல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்ற மருத்துவ அறிஞர், மனித இதயம் துடிக்கும்போது உண்டாகும் மின்சாரத்தை முதன்முதலாகப் பதிவு செய்தார். அதற்கு உதவியது லிப்மன் கண்டுபிடித்த இந்தக் கருவிதான். தாத்தா பாட்டிக்கு மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுக்கிறார்களே, அதற்குத் தொடக்கம் இதுவே.

மாணவிக்கு முதலில் பரிசு

தேர்வில் தோற்ற லிப்மன் பாரீஸ் திரும்பினார். அங்கே பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து, 1883-ல் பேராசிரியர் ஆனார். பின்னர் ஆய்வுக்கூடத்தின் தலைவரும் ஆனார். அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு போலந்து நாட்டிலிருந்து வந்த ஓர் ஏழை மாணவி வேலை செய்ய வந்தார். அவர் யார் தெரியுமா? பின்னாளில் மேரி க்யூரி என்று உலகமே கொண்டாடிய விஞ்ஞானி!

அந்தக் காலத்தில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் உறுப்பினராக இருந்தவர்தான் ஆய்வுக் கட்டுரையை முன்வைக்க முடிந்தது. மேரியும் அவருடைய கணவர் பியரும் அப்போது உறுப்பினர்கள் அல்ல. அதனால் 1898 ஏப்ரல் 12-ம் தேதி, மேரியின் கட்டுரையை அவர் சார்பில் லிப்மன் கழகத்தின் முன் வைத்தார். 1903-ல் மேரி டாக்டர் பட்டத் தேர்வுக்கு வந்தபோது கேள்வி கேட்ட மூவரில் லிப்மனும் ஒருவர். அதே ஆண்டு மேரிக்கு நோபல் பரிசு கிடைத்தது. குருவுக்குக் கிடைத்ததோ ஐந்து ஆண்டுகள் கழித்து! மாணவி தன்னை முந்தினால் ஆசிரியருக்கு அதைவிட வேறு என்ன பெருமை வேண்டும்?

சாயம் இல்லாத வண்ணம்

அந்தக் காலத்தில் புகைப்படம் என்றால் கறுப்பு வெள்ளைதான். வண்ணம் வேண்டும் என்றால் பெரும்பாலும் படத்தின் மேல் கையால் சாயம் பூசுவார்கள். சாயமே இல்லாமல் இயற்கை வண்ணத்தைப் பிடிக்க முடியாதா என்று லிப்மன் யோசித்தார்.

மழை நாளில் சாலையில் சிந்திய பெட்ரோலைப் பார்த்திருக்கிறீர்களா? சிவப்பு, பச்சை, நீலம் என்று மின்னும். அங்கே யாரும் சாயம் ஊற்றவில்லை. மெல்லிய படலத்தில் ஒளி பட்டுத் திரும்பும்போது அந்த நிறங்கள் பிறக்கின்றன. லிப்மன் கையாண்டதும் இதே வழிதான். கண்ணாடித் தகட்டில் ஒளியை உணரும் பூச்சு ஒன்றைப் பூசினார். அதன் பின்னால் பாதரசத்தை நிரப்பினார். பாதரசம், முகம் பார்க்கும் கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அனுப்பியது. போகும் ஒளி அலையும் திரும்பி வரும் அலையும் சேர்ந்து, பூச்சுக்குள் அடுக்கு அடுக்காகத் தடம் பதித்தன. சிவப்புக்கு அடுக்குகளின் இடைவெளி அதிகம், நீலத்துக்குக் குறைவு. தகட்டைக் கழுவி எடுத்து வெளிச்சத்தில் காட்டினால் அந்தந்த அடுக்கு அந்தந்த நிறத்தைத் திருப்பி அனுப்பும்.

1891-ல் வானவில்லின் நிறங்களைப் படம் பிடித்துக் காட்டினார். அடுத்த ஆண்டு ஒரு கிண்ணம் ஆரஞ்சுப் பழங்களும், பல வண்ணக் கிளி ஒன்றும் அவருடைய படங்களில் வந்தன. உலகமே வியந்தது!

ஒரு விரல் சோதனை

வண்ணம் வந்தாயிற்று. ஆனாலும் லிப்மனுக்குத் திருப்தி இல்லை. ஏன்? அதைத் தெரிந்துகொள்ள நீங்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள்.

கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்துங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பாருங்கள். பிறகு வலதை மூடிக்கொண்டு இடதால் பாருங்கள். விரல் இங்கும் அங்கும் தாவுகிறதா? விரலை மூக்கின் பக்கம் கொண்டுவந்து செய்தால் இன்னும் அதிகமாகத் தாவும். நம் இரண்டு கண்களும் இரண்டு இடங்களில் இருப்பதால் இரண்டு படங்களைப் பார்க்கின்றன. மூளை இரண்டையும் ஒப்பிட்டு, எது பக்கம், எது தூரம் என்று கணக்குப் போடுகிறது. இதை 1838-ல் இங்கிலாந்தில் சார்லஸ் வீட்ஸ்டன் என்ற அறிஞர் விளக்கிக் காட்டினார். இரண்டு கண்ணுக்கும் இரண்டு படங்களைக் காட்டும் பெட்டி ஒன்றையும் செய்தார். தியேட்டரில் 3டி படத்துக்குக் கொடுக்கும் கண்ணாடியும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆளுக்கொரு பங்கு போல, இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம் என்று அது பிரித்துக் கொடுக்கிறது.

ஆனால், அதில் ஒரு குறை உண்டு. தியேட்டரில் முன்னால் மரம், பின்னால் வீடு தெரிகிறது என்று வையுங்கள். தலையைச் சாய்த்து மரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியுமா? முடியாது. உங்கள் வீட்டு ஜன்னலில் முடியும்! நகர நகரக் காட்சி மாறிக்கொண்டே இருக்கும். புகைப்படமும் ஜன்னல் போல ஆக வேண்டும், அதைப் பார்க்கப் பெட்டியோ கண்ணாடியோ தேவைப்படக் கூடாது என்பதே லிப்மனின் ஆசை.

ஈயின் கண்ணைப் போல

1908 மார்ச் 2-ம் தேதி, பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் தன் வழியை அவர் எடுத்துச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 62.

ஈயின் கண்ணைப் பாடப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். ஒரே கண்ணில் ஆயிரக்கணக்கான குட்டி லென்ஸ்கள் இருக்கும். அதுபோல ஒரு தகடு முழுவதும் குட்டிக் குட்டி லென்ஸ்கள் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் படச்சுருள் போன்ற பூச்சு இருக்கட்டும். இப்போது படம் எடுத்தால், ஒவ்வொரு லென்ஸும் தான் இருக்கும் இடத்திலிருந்து தனியாக ஒரு குட்டிப் படம் பிடிக்கும். பிறகு அந்தத் தகட்டுக்குப் பின்னால் விளக்கை வைத்தால், வந்த வழியே ஒளிக்கதிர்கள் திரும்பிப் போகும். வலப்பக்கம் நிற்பவருக்கு வலப்பக்கக் காட்சி தெரியும். இடப்பக்கம் நிற்பவருக்கு இடப்பக்கக் காட்சி தெரியும். இரண்டு கண்ணுக்கும் இரண்டு படம் தானாகவே கிடைத்துவிடும். கண்ணாடி வேண்டாம்!

கணக்கு சரியாகத்தான் இருந்தது. கருவிதான் கிடைக்கவில்லை. குண்டூசித் தலை போன்ற நூற்றுக்கணக்கான லென்ஸ்களை ஒரே அளவில் யார் செய்வது? அந்தக் காலத்தில் லென்ஸ் என்றால் கண்ணாடியைத் தேய்த்துத் தேய்த்துத்தான் செய்ய வேண்டும். சில சிறு லென்ஸ்களை மட்டும் அடுக்கிச் சோதித்தார் லிப்மன். வழி சரிதான் என்று தெரிந்தது. ஆனால், அவர் கனவு கண்ட ஜன்னல் திறக்கவில்லை.

அதே 1908-ம் ஆண்டு டிசம்பரில் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கினார்கள். எதற்கு? வண்ணப் புகைப்படத்துக்கு! வேடிக்கை என்ன தெரியுமா? அந்த வண்ணப் படத்துக்கு நல்ல வெயிலிலேயே சுமார் ஒரு நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். ஒரு படத்திலிருந்து இன்னொரு பிரதி எடுக்கவும் முடியாது. அதற்குள் 1907-லேயே லூமியர் சகோதரர்களின் சுலபமான வண்ணத் தகடு கடைக்கு வந்துவிட்டது. பரிசு பெற்ற வழியை மக்கள் பயன்படுத்தவில்லை. ஹாலோகிராம் என்ற ஒளிப்படக் கலைக்கு மட்டும் 1962-ல் அது கைகொடுத்தது. பரிசு பெறாத ஜன்னல் யோசனையோ இன்றுவரை ஆராய்ச்சிக்கூடங்களில் வளர்ந்துகொண்டிருக்கிறது.

1921-ல் லிப்மன் கனடா நாட்டுக்குப் போனார். திரும்பி வரும் வழியில், ஜூலை 13-ம் தேதி கப்பலிலேயே காலமானார். அந்தக் கப்பலின் பெயர் என்ன தெரியுமா? பிரான்ஸ்!

மார்க் போடுவது யார்?

அவருக்குப் பின் என்ன நடந்தது? இந்த முறையில் எடுத்த படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு சிக்கல் தெரிந்தது. பக்கத்தில் இருப்பது தூரமாகவும், தூரத்தில் இருப்பது பக்கமாகவும் தோன்றியது. மூக்கு முன்னால் நீட்டிக்கொண்டு இருப்பதற்குப் பதிலாகப் பள்ளமாகத் தெரிந்தால் எப்படி இருக்கும்? 1931-ல் அமெரிக்காவின் ஹெர்பர்ட் ஐவ்ஸ் என்ற விஞ்ஞானி, படத்தை மறுபடியும் ஒருமுறை படம் எடுத்தால் சரியாகிவிடும் என்று வழி சொன்னார். பின்னர் பிளாஸ்டிக் வந்தது. குட்டி லென்ஸ்களை அச்சில் வார்க்க முடிந்தது. அதன் பிறகு கம்ப்யூட்டரும் மெல்லிய டி.வி. திரையும் வந்தன. ஜப்பானில் என்.எச்.கே. என்ற ஒளிபரப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் லிப்மன் சொன்ன வழியிலேயே டி.வி. திரை செய்து காட்டினார்கள்.

திரை நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? நீளம், அகலம், வெளிச்சம் இவற்றையெல்லாம் கருவியால் அளந்துவிடலாம். ஆனால், ஆழம் திரையில் இல்லை குழந்தைகளே, பார்ப்பவரின் மூளையில் இருக்கிறது! அதை எந்த ஸ்கேலாலும் அளக்க முடியாது. பார்ப்பவரைத்தான் கேட்க வேண்டும். அதனால் சாதாரண மனிதர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பரீட்சை வைக்கிறார்கள். இதில் மார்க் வாங்குவது திரை. மார்க் போடுவது பார்ப்பவர்கள்!

முதலில், வந்தவர்களின் கண்ணைச் சோதிப்பார்கள். புள்ளிகள் நிறைந்த அட்டையைக் கொடுத்து, அதில் மேலெழும்பித் தெரியும் உருவம் எது என்று கேட்பார்கள். ஏனென்றால் எல்லோருக்கும் ஆழம் தெரிவதில்லை. மாறுகண் உள்ளவர்களுக்கும், ஒரு கண்ணில் பார்வை குறைந்தவர்களுக்கும் தெரியாமல் போகலாம். பிறகு அனைவரையும் குறிப்பிட்ட தூரத்தில் அமர்த்தி, ஒரே காட்சியைப் பல விதமாகக் காட்டுவார்கள். மிக மோசம் என்றால் 1, மிக நன்று என்றால் 5 என்று அவர்கள் மார்க் போடுவார்கள்.

எதற்கெல்லாம் மார்க்? சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 3டி டி.வி.க்காக 2012-ல் வெளியிட்ட வழிமுறை மூன்று விஷயங்களைச் சொல்கிறது. படம் தெளிவாக இருக்கிறதா? ஆழம் நன்றாகத் தெரிகிறதா? கண்ணுக்குச் சுகமாக இருக்கிறதா? முதல் இரண்டில் நல்ல மார்க் வாங்கிய திரை மூன்றாவதில் கோட்டை விடுவது உண்டு!

ஏன் கண் வலிக்கிறது? ஒரு பொருளைப் பார்க்கும்போது நம் கண்கள் இரண்டு வேலை செய்கின்றன. இரண்டு கண்களும் திரும்பி அந்தப் பொருளைக் குறி வைக்கின்றன. கண்ணுக்குள் உள்ள லென்ஸ் உருவம் மாறி, பொருளைத் தெளிவாக்குகிறது. சாதாரணமாக இரண்டும் ஒரே தூரத்துக்குத்தான் போகும். 3டி திரையில் ஒரு பட்டாம்பூச்சி உங்கள் மூக்குக்குப் பக்கத்தில் பறப்பதாகத் தோன்றினால், கண்கள் அங்கே திரும்பும். ஆனால் ஒளி வருவது தூரத்தில் உள்ள திரையிலிருந்து. அதனால் லென்ஸ் திரையைத் தெளிவாக்கப் பார்க்கும். வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகளும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் என்ன ஆகும்? அந்தக் கஷ்டம்தான் கண்ணுக்கும்! லிப்மன் வழியில் கதிர்கள் போதிய அளவு நெருக்கமாக வந்தால் இந்தச் சண்டை குறையும். அதனால்தான் நூறு ஆண்டு கழித்தும் அவரைத் தேடிப் போகிறார்கள்.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன். 2011-ல் நின்டெண்டோ நிறுவனம், கண்ணாடி இல்லாமலே 3டி காட்டும் ஒரு கையடக்க விளையாட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அது லிப்மன் வழி அல்ல. சிறு தடுப்புகளைக் கொண்டு இரண்டு கண்ணுக்கும் படத்தைப் பிரிக்கும் வழி. தலை சற்று விலகினால் படம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஆகவே 2014-ல் வந்த புதிய மாதிரியில், பார்ப்பவரின் முகம் எங்கே இருக்கிறது என்று கருவியே கவனித்து, படத்தை மாற்றிக் கொடுத்தது. 3டியின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் தொடக்கத்திலிருந்தே ஒரு பொத்தானும் இருந்தது. 6 வயதும் அதற்குக் குறைவும் உள்ள குழந்தைகள் 3டியில் பார்க்க வேண்டாம் என்றும் எச்சரித்தார்கள். 2020-ல் அதன் உற்பத்தி நின்றது. அது நின்றுபோனாலும், திரை பார்ப்பவருக்கு ஏற்றபடி மாற வேண்டும் என்பதை எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

உங்களுக்கு ஒரு வேலை

குழந்தைகளே! லிப்மன் தேர்வில் தோற்றார், துவண்டுவிடவில்லை. கருவி இல்லாத காலத்திலும் யோசனையைத் தெளிவாக எழுதி வைத்தார். அவர் எழுதி வைத்ததால்தான், அவர் முகத்தையே பார்த்திராதவர்கள் அந்த வேலையைத் தொடர முடிந்தது. உங்களுக்கும் ஏதாவது நல்ல யோசனை தோன்றினால், இப்போது செய்ய முடியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

இன்னொன்று. அடுத்த முறை 3டி படம் பார்க்கும்போது உங்கள் நண்பர்களிடம் கேளுங்கள். படம் தெளிவா, ஆழம் தெரிகிறதா, கண் வலிக்கிறதா என்று மூன்றுக்கும் மார்க் போடச் சொல்லுங்கள். எல்லோருக்கும் முன்னால் வந்து தெரிவது உங்களுக்கு மட்டும் தெரியவில்லை என்றால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அது உங்கள் குற்றமும் அல்ல. அன்றே அப்பா அம்மாவிடம் சொல்லி, கண் டாக்டரிடம் காட்டுங்கள். கண்ணில் குறை இருந்தால், சிறு வயதில் கண்டுபிடிப்பது நல்லது.

அதற்கு முன்னால், அந்தப் பூனை ஸ்கேலை எடுத்து ஒரு தடவை சாய்த்துப் பாருங்கள். கண் சிமிட்டும் பூனைக்குப் பின்னால் தாடி வைத்த ஒரு பாரீஸ் வாத்தியார் நிற்பது உங்களுக்குத் தெரியும்!